வீட்டில் ஆக்கும் மின்வழங்கியும் பிழை நாடும் முறையும்

முன்னுரை

சென்னைக்கு மேற்கே அமைந்த அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்கள் தொழிலால் வளர்ந்தவை. ஆவடியில் 1961 ஆம் ஆண்டு கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பெற்றது. 1960களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை உருவாயிற்று. பெருந்தொழிற்சாலைகளைச் சார்ந்து சிறு பட்டறைகள் பல தெருத்தோறும் தோன்றின. இவ்வட்டாரத்திலிருந்து நம் கல்லூரிக்கு வரும் மாணவர் பலருடைய இல்லங்களில் தந்தையோ அண்ணனோ மாமாவோ கைத்தொழில் அறிந்தவராக இருக்கக் காண்கிறோம்.

தமிழ்த்துறை மலரில் மின்னணுக் கருவி குறித்த கட்டுரைக்கு என்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். செய்தொழிலை விளக்கிச் சொல்வது மொழியின் கடமைகளுள் ஒன்று என்பதே நம் விடை. 1206 ஆம் ஆண்டில் பொறிகள் பற்றிய தம் நூலை நிறைவு செய்த அல்-ஜஸரி, ஒவ்வொரு பொறியையும் பிறர் பார்த்துச் செய்யத்தக்க வண்ணம் உறுப்பு உறுப்பாக வரைந்து விளக்கினார். அந்நெறியைப் பின்பற்றி, மாணவர் தம் இல்லத்திலேயே ஆக்கத்தக்க எளிய கருவி ஒன்றையும், அது பழுதுற்றால் பிழை நாடும் முறையையும் ஈண்டுக் காண்போம்.

கருவியின் பயன்

நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரம். அது நொடிக்கு 50 சுழற்சிகள் உடையது. மின்னணுச் சுற்றுகளுக்கோ குறைந்த அழுத்தமுடைய நேர்திசை மின்சாரமே வேண்டும். ஒன்றுக்கு 5 வோல்ட், மற்றொன்றுக்கு 9 வோல்ட், வேறொன்றுக்கு 12 வோல்ட் எனத் தேவை மாறுபடும். ஒரு குமிழைத் திருகி வேண்டிய அழுத்தத்தைப் பெற உதவுவதே மாறு மின்வழங்கி. பள்ளி ஆய்வுக்கூடங்களில் நாம் கண்ட ‘பேட்டரி எலிமினேட்டர்’ இதன் உடன்பிறப்பே. வானொலி பழுதுபார்ப்பவருக்கும், இயற்பியல் செய்முறை பயிலும் மாணவருக்கும் இது முதற்கருவி.

நான்கு தொழில்கள்

மாற்றல், திருத்தல், தேக்கல், சீராக்கல் என்னும் நான்கு தொழில்களின் கோவையே இக்கருவி. இந்த வரிசையை உளங்கொண்டால் ஆக்குவதும் எளிது. பிழை காண்பதும் எளிது.

முதலாவது மாற்றல். மின்மாற்றி 230 வோல்ட்டை 15 வோல்ட்டாகக் குறைக்கிறது. நாம் 1 ஆம்பியர் மின்னோட்டம் பெற விரும்பினால் 2 ஆம்பியர் மின்மாற்றி வாங்குதல் வேண்டும். தேக்கியை நிரப்பும் மின்னோட்டம் சீராகப் பாயாமல், சிறு சிறு பொழுதுகளில் மிகுந்து பாய்வதால் மின்மாற்றி கூடுதலாகச் சூடேறும் என்பதே இதற்குக் காரணம்.

இரண்டாவது திருத்தல். டையோடு ஒரு திசையில் மட்டும் மின்னோட்டத்தை விடுகிறது. நான்கு டையோடுகளைப் பாலமாக இணைத்தால் அலையின் இரு பாதிகளும் ஒரே திசைக்குத் திருப்பப்படுகின்றன. 3 ஆம்பியர் தாங்கும் 1 என் 5408 என்னும் டையோடு இதற்குப் போதுமானது.

மூன்றாவது தேக்கல். பாலத்திலிருந்து வருவது திசை மாறாதது. ஆயினும் நொடிக்கு 100 முறை எழுந்து விழுவது. செம்பரம்பாக்கம் ஏரி மாரியில் பெய்த நீரைத் தேக்கிக் கோடையிலும் வழங்குவது போல, மின்தேக்கி அலையின் உச்சியில் நிரம்பித் தாழ்வில் வழங்குகிறது. 15 வோல்ட்டின் உச்சி 21 வோல்ட். டையோடுகளில் இழப்பது போக, ஏறத்தாழ 19.5 வோல்ட் தேக்கியில் நிற்கும். சுமை இல்லாதபோது 23 வோல்ட் வரை காட்டினும் வியப்பதற்கில்லை. 4700 மைக்ரோ ஃபாரட், 35 வோல்ட் தேக்கியை வைத்தால், 1 ஆம்பியர் எடுக்கும்போது ஓர் உச்சிக்கும் மறு உச்சிக்கும் இடையே ஏறத்தாழ 2 வோல்ட் மட்டுமே வீழும். சிறிய தேக்கி சிறிய ஏரி போன்றது, விரைவில் வற்றும்.

நான்காவது சீராக்கல். ஏரிக்கு மதகு போல் இங்கு அமைவது எல்.எம். 317 என்னும் மூன்று கால் சில்லு. அமெரிக்க நிறுவனமான நேஷனல் செமிகண்டக்டரில் பணியாற்றிய ராபர்ட் டாப்கின் 1970களில் வடிவமைத்தது இது. அந்நிறுவனம் 2011 இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்துடன் இணைந்துவிட்டது. சில்லோ இன்றளவும் விற்பனையில் உள்ளது. வெளியீட்டுக் காலுக்கும் சரிசெய் காலுக்கும் இடையே எப்பொழுதும் 1.25 வோல்ட் நிலவச் செய்வதே அதன் ஒரே பணி. அவ்விரு கால்களுக்கிடையே 220 ஓம் மின்தடையையும், சரிசெய் காலுக்கும் எதிர்முனைக்கும் இடையே 2200 ஓம் மாறுதடையையும் இணைக்கிறோம். மாறுதடை 220 ஓமைப் போல் பத்து மடங்கு ஆதலின், வெளியீடு 1.25 வோல்ட்டின் பதினொரு மடங்கு, அதாவது 13.75 வோல்ட் வரை உயரும். குமிழை முற்றிலும் இறக்கினால் 1.25 வோல்ட் கிடைக்கும். இடைப்பட்ட எந்த அழுத்தத்தையும் விரும்பியவாறு பெறலாம்.

இணைக்கும் முறை

உறுப்புகளை வாங்க, ஆவடி, அம்பத்தூர் மாணவர் புறநகர் மின்வண்டியில் சென்ட்ரல் சென்று, அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவை அடைவது வழக்கம். பழைய டேப் ரிக்கார்டரிலிருந்து கழற்றிய மின்மாற்றியும் பயன்படும். அதன் அழுத்தத்தை அளந்து பார்த்த பின்னரே பயன்படுத்துதல் வேண்டும்.

இணைப்பின் உயிர் பற்றவைப்பில் உள்ளது. பட்டறையில் ‘ஈயம் வைப்பது’ என்பர். அவ்விணைப்புப் பொருளுக்குத் தமிழில் ‘பற்றாசு’ என்று பெயர். யாப்பிலக்கணம் பயின்ற மாணவர்க்கு இச்சொல் புதிதன்று. இரு குறள் வெண்பாக்களை இணைத்து நேரிசை வெண்பா ஆக்குங்கால், முதற்குறளின் இறுதி தனிச்சொல்லோடு பொருந்தாவிடில் ஓரிரு அசைகளைச் சேர்த்துப் பொருத்துவர். அவ்வசைக்கு ‘ஆசு’ என்று பெயர். பொற்கொல்லரின் பற்றாசு உலோகத் துண்டுகளை இணைப்பது போல இது அடிகளை இணைப்பதால் அப்பெயர் பெற்றது. பட்டறைச் சொல்லை இலக்கணம் தயங்காது ஏற்றுக்கொண்டமைக்கு இஃது ஒரு சான்று.

பற்றவைக்கும்போது கம்பியையும் தகட்டையும் முதலில் சூடேற்றி, அச்சூட்டில் பற்றாசு தானே உருகிப் பரவுமாறு செய்தல் வேண்டும். சூட்டுக்கோலின் நுனியில் உருக்கிச் சொட்டுவித்தால், ஒட்டியது போல் தோன்றும், ஒட்டியிராது. இதனைப் பழுதுபார்ப்போர் ‘டிரை சால்டர்’ என்பர். பற்றாசில் காரீயம் கலந்திருப்பதால் வேலை முடிந்ததும் கைகளைக் கழுவுதல் இன்றியமையாதது.

சில்லின் கால்களின் வரிசையில் விழிப்பு வேண்டும். எழுத்துகள் நம்மை நோக்கியிருக்க இடமிருந்து வலமாகச் சரிசெய் கால், வெளியீடு, உள்ளீடு என அமையும். கடைகளில் மிகுதியாகக் கிடைக்கும் 7805 சில்லில் உள்ளீடு, பொதுமுனை, வெளியீடு என்பது வரிசை. ஒன்றன் வரிசையை மற்றொன்றுக்குக் கொண்டோர் பலர்.

சில்லின் உலோக முதுகு வெளியீட்டு முனையோடு உள்ளே இணைக்கப்பட்டது. எனவே, வெப்பம் கடத்தும் அலுமினியத் தகட்டுக்கும் சில்லுக்கும் இடையே மைக்கா ஏடு வைத்தல் வேண்டும். வெளியீட்டிலிருந்து உள்ளீட்டிற்கு மின்னோட்டம் செல்லும் வண்ணம் 1 என் 4007 டையோடு ஒன்றையும் இணைத்தல் நலம். கருவியை அணைத்ததும் வெளிப்புறத் தேக்கியின் மின்னூட்டம் சில்லின் வழியே பின்னோக்கிப் பாய்ந்து அதைக் கெடுக்காமல் இது காக்கும்.

வெப்பம்

மேலே வருவது 18 வோல்ட், வேண்டுவது 3 வோல்ட், மின்னோட்டம் 1 ஆம்பியர் என்று கொள்வோம். எஞ்சிய 15 வோல்ட் எங்குச் செல்கிறது? 15 வாட் வெப்பமாகச் சில்லில் எரிகிறது. சென்னையின் கோடையில் சிறு தகடு இதைத் தாங்காது. குறைந்த அழுத்தத்தில் மிகுந்த மின்னோட்டம் எடுப்பதே சில்லுக்குப் பெருஞ்சுமை என்பதை நினைவில் இருத்தல் வேண்டும்.

பிழை நாடல்

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரம், நோயை அறிதல், அதன் காரணத்தை அறிதல், தணிக்கும் வழியை அறிதல், பின்னர்ப் பொருந்தச் செய்தல் என்று மருத்துவனுக்கு வரிசை வகுக்கிறது. கருவிக்கும் அதுவே நெறி. கருவி இயங்கவில்லை என்றதும் சில்லை மாற்றிப் பார்ப்பது காரணம் அறியாது மருந்து கொடுப்பதை ஒக்கும். நான்கு தொழில்களுக்கும் நான்கு அளவீடுகள் உள்ளன. மல்டிமீட்டரைக் கொண்டு வரிசையாக அளந்து செல்வதே முறை.

மின்மாற்றியின் வெளியீட்டில் 15 வோல்ட் மாறுதிசை அழுத்தம் இல்லையெனில், பிழை அதற்கு முன்னே உள்ளது. செருகியைக் கழற்றிவிட்டு உருகி, விசை, முதன்மைச் சுருள் ஆகியவற்றின் தொடர்ச்சியைச் சோதிக்கலாம்.

அது சரியாக இருந்தால் தேக்கியின் முனைகளில் அளக்க வேண்டும். இங்கு ஒரு நுட்பம் உண்டு. பாலத்தில் ஒரு டையோடு அறுந்திருந்தாலும் சுமையற்ற நிலையில் அழுத்தம் சரியாகவே காட்டும். சுமை ஏற்றியதும் சரியும். வானொலியை இணைத்தால் இரைச்சல் எழும். முதிர்ந்து வறண்ட தேக்கியும் இதே குறியைக் காட்டும். ஆகவே, சுமையோடு அளத்தலே சோதனை. வெளியீட்டை 12 வோல்ட்டில் நிறுத்தி, இருசக்கர வண்டியின் 12 வோல்ட், 10 வாட் விளக்கை இணைத்தால் ஏறத்தாழ 0.8 ஆம்பியர் சுமை கிடைக்கும்.

தேக்கியிலும் அழுத்தம் சரியாக நின்றால் பிழை சீராக்கும் பகுதியில் உள்ளது. குமிழைத் திருகியும் வெளியீடு உச்சியிலேயே நின்றால், மாறுதடையின் இணைப்பு அறுந்துள்ளது. அல்லது கால்கள் மாறியுள்ளன. 1.25 வோல்ட்டிலேயே நின்றால், சரிசெய் கால் எதிர்முனையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. குமிழைத் திருகும்போது அழுத்தம் துள்ளினால், மாறுதடையின் உட்தொடுகை தேய்ந்துள்ளது. சிறிது நேரம் இயங்கி நின்று, ஆறியபின் மீண்டும் இயங்கினால், சில்லு வெப்பத்தால் தன்னைத்தானே அடக்கிக்கொள்கிறது. பெட்டியைத் தட்டினால் இயங்கி, விட்டால் நின்றால், பற்றாசு சரியாகப் பற்றவில்லை.

உயிர்ப் பாதுகாப்பு

15 வோல்ட் பகுதி மன்னிக்கும். 230 வோல்ட் பகுதி மன்னிக்காது. மும்முனைச் செருகியும் புவித்தொடர்பும் இன்றி உலோகப் பெட்டியைப் பயன்படுத்துதல் கூடாது. உருகியும் விசையும் மின்கம்பி வழியில் அமைதல் வேண்டும். மூடி திறந்திருக்கையில் செருகி சுவரில் இருத்தல் ஆகாது. முதன்முறை மின்சாரம் கொடுக்கும்போது 60 வாட் இழை விளக்கு ஒன்றைத் தொடராக இணைப்பது பழுதுபார்ப்போர் கையாளும் சிறந்த வழக்கம். விளக்கு ஒருகணம் மின்னி அணைந்தால் நலம்; முழு ஒளியோடு எரிந்தால் உள்ளே குறுக்குத் தொடர்பு உண்டு. 230 வோல்ட் இணைப்பை மட்டும் தொழிலறிந்த பெரியவர் ஒருவரைக் கொண்டு சரிபார்த்துக்கொள்ளுமாறு மாணவரை அன்புடன் வேண்டுகிறோம்.

முடிவுரை

இக்கட்டுரையில் மின்மாற்றி, மின்தேக்கி, பற்றாசு எனத் தமிழ்ச் சொற்களையும், டையோடு, மல்டிமீட்டர் எனப் பட்டறை வழக்கையும் அருகருகே ஆண்டுள்ளோம். யுனெஸ்கோ கூரியர் தமிழ்ப் பதிப்பின் ஆசிரியராக நெடுங்காலம் பணியாற்றிய மணவை முஸ்தபா (1935–2017) அறிவியல் கலைச்சொற்களைத் திரட்டி அகராதிகளாக்கித் தந்தார். அப்பெருந்தகை தேடித்தந்த செல்வம் ஏட்டிலேயே உறங்கலாகாது. பொருளைத் தொட்டுப் பேசும் நாவில்தான் கலைச்சொல் உயிர் வாழும்.

தாய்மொழியில் காரணம் அறிந்தவன், சிவப்புக் கம்பியை எங்கே இணைப்பது என்பதோடு நில்லாமல், ஏன் அங்கே இணைக்க வேண்டும் என்றும் அறிவான். காரணம் அறிந்த கை, பழுது நேர்ந்தபோது பதறாது. ஆபத்து எங்குள்ளது என்பதையும் அறிந்து விலகும். தமிழ் பயிலும் மாணவர் பட்டறைக்கும், பட்டறையில் உழைப்போர் தமிழ் வகுப்பறைக்கும் அயலார் அல்லர் என்னும் நிலை நம் வட்டாரத்தில் உருவாக வல்ல இறைவன் அருள்புரிவானாக!