புஷிமி மண் பொம்மைகள்

ஜப்பானின் பழைய தலைநகராகிய கியோட்டோவின் தென்பாகத்திலுள்ள புஷிமியில், நெல்லுக்கு அதிதேவதையான இனாரி குடிகொண்ட மலையின் அடிவாரத்திலே, யாத்திரிகர் செல்லும் வீதியில் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சுமார் ஐம்பது பொம்மைக் கடைகள் இருந்தன. அம்மலை மண்ணைக் கொண்டுபோய் வயலில் தூவினால் விளைச்சல் பெருகுமென்பது குடியானவர் நம்பிக்கை. அந்த மண்ணுக்கே உருவங் கொடுத்து விற்ற குயவரின் வியாபார புத்தியை மெச்சத்தான் வேண்டும்.

முன்பாதி, பின்பாதி என இரண்டாக உள்ள அச்சுகளில் பிசைந்த களிமண்ணை விரலால் அழுத்தி, விளிம்பில் மண்குழம்பு தடவிப் பொருத்தி, உள்ளே கூடாக விட்டு உலர்த்தி, மிதமான சூட்டில் சுட்டெடுத்தபின், சிப்பி ஓட்டை மாவாக அரைத்து வஜ்ஜிரத்தில் குழைத்த வெண்பூச்சைப் பூசி, அதன்மேல் வர்ணந் தீட்டுவார்கள். பலவற்றுக்கு முதுகில் வர்ணமே இராது. மலிவாக விற்க வேண்டிய சரக்காதலால், சுவரைப் பார்த்திருக்கும் பக்கத்துக்கு வர்ணம் எதற்கு என்ற சிக்கனம் அது. முகத்தில் விழும் நான்கைந்து தூரிகைக் கோடுகளுக்கு அத்தனை தீர்மானம் வாய்த்ததும் அச்சிக்கனத்தாலேயே என்பது என் அபிப்பிராயம்.

நரிகள் ஏராளம், இனாரியின் தூதரல்லவா! இனிப்புப் பணியாரத்தை இரண்டாகப் பிட்டு ஏந்தி நிற்கும் சிறுவன் மற்றொரு பிரசித்தமான உருவம். தந்தை, தாய் இருவரில் யாரிடம் பிரியம் அதிகம் என்று கேட்டவரிடம், இவ்விரண்டில் எந்தப் பாதி அதிக ருசி என்று அவன் திருப்பிக் கேட்டானாம். தொந்தி வயிற்றுத் தெய்வமான ஹோத்தேயின் பொம்மையையோ, பன்னிரு விலங்குகளின் பெயரால் நாட்களை எண்ணும் முறைப்படி பிப்ரவரியில் வரும் முதல் குதிரை நாளன்று ஆண்டுக்கு ஒன்றாக, சிறிதிலிருந்து பெரிதாக வாங்கி, ஏழு சேரும்வரை அடுக்களையில் வரிசையாக வைப்பார்கள். நடுவே வீட்டில் சாவு நேர்ந்தால் அத்தனையையும் விலக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அன்றைய கடைகளில், 18ஆம் நூற்றாண்டின் நடுவில் தோன்றிய தான்கா என்ற ஒரே பட்டறைதான் இன்று எஞ்சியுள்ளது. ஆனால் புஷிமியின் சாயல், வடக்கே சென்டாய் நகரின் சுட்சுமி பொம்மைகள்வரை பரவியிருக்கிறது. யாத்திரிகர் ஊருக்குக் கொண்டுபோன பொம்மையின்மேல் மண்ணை அப்பினால் அதுவே புதிய அச்சாகிவிடும்; ஆனால் களிமண் உலரும்போதும் சுடும்போதும் சுருங்குவதால், அந்த அச்சிலிருந்து பிறக்கும் பொம்மை மூலத்தைவிடச் சற்றே சிறுத்திருக்கும், அதிலிருந்து எடுத்த பிரதி இன்னும் சிறுக்கும்.