வலிக்காத கால்

மன்னார்த் தீவின் பேசாலைக் கரையிலோ தலைமன்னார்க் கரையிலோ காலை வேளையில் நின்று பார்ப்போமாயின், வலை இழுப்போரும் மீன் பிரிப்போரும் கருவாடு பரப்புவோரும் பெரும்பாலும் வெறுங்காலுடன் நிற்பதைக் காணலாம். ஈர மணலில் செருப்பு உதவாது. ஆகவே இதில் வியப்பில்லை. சிப்பி ஓடு கீறுவதும் மீன்முள் தைப்பதும் அங்கே அன்றாட நிகழ்ச்சிகள். "ஆ!" என்று காலைத் தூக்குவர், முள்ளைப் பிடுங்கி எறிவர், வேலை தொடரும்.

ஆனால், முள் தைத்தும் "ஆ!" என்னாத கால் ஒன்று உண்டு. பல்லாண்டு நீரிழிவினால் வருந்துவோரின் காலே அது. சலரோகம் என்று நம் முதியோர் கூறும் இந்நோயில், இரத்தத்தில் மிகுந்த சீனி காலப்போக்கில் பாதத்து நரம்புகளை மரத்துப்போகச் செய்கிறது. இரத்தக் குழாய்களையும் ஒடுக்குகிறது. காயம் பட்டதைக் கால் அறிவிப்பதில்லை. பட்ட காயமும் எளிதில் ஆறுவதில்லை. கிருமி புகுந்து எலும்பையும் பற்றிய பின்னர் ஆஸ்பத்திரிக்குச் சென்றால், உயிரைக் காக்கக் காலை எடுப்பதன்றி வைத்தியருக்கு வேறு வழியில்லாமற் போகலாம். நீரிழிவினால் கால் இழப்போருள் 80 வீதத்துக்கு மேற்பட்டோர்க்கு முதலில் வந்தது பாதத்தில் ஒரு புண்ணே.

உணர்ச்சியற்ற காலின் இயல்பை உலகுக்கு விளக்கியவர்களுள் ஒருவர் தமிழ்நாட்டிலே பிறந்தவர். 1914-ஆம் ஆண்டு கொல்லிமலையிற் பிறந்த ஆங்கிலேயரான டாக்டர் பால் பிராண்ட், 1946 முதல் வேலூரில் தொழுநோயாளரின் கைகால்களை ஆராய்ந்தார். விரல்களை அழிப்பது நேரே நோயன்று, வலி தெரியாமற் படும் காயங்களே என்று அவர் காட்டினார். அத்தகைய பாதங்களுக்கென மெத்தென்ற ரப்பர் செருப்புகளும் அங்கே செய்யப்பட்டன. 1966-இல் அமெரிக்கா சென்ற பின்னர், நீரிழிவாளரின் பாதத்துக்கும் இதே விதி பொருந்துவதை அவர் எடுத்துரைத்தார். நாம் பகையென்று வெறுக்கும் வலி உண்மையில் நம் காவலனே!

உலகில் 30 விநாடிக்கு ஒரு கால் நீரிழிவினால் இழக்கப்படுவதாக 2005-ஆம் ஆண்டில் மதிப்பிட்டனர். ஏழை நாடுகளில் இத்துன்பம் இரட்டிப்பாகிறது. நம் நாட்டில் அரசாங்க ஆஸ்பத்திரியிற் கட்டணம் இல்லை. எனினும், அங்கே செல்லும் நாளில் கடற்றொழிலாளிக்கு உழைப்பும் இல்லை. "சிறு புண்தானே, நோகவில்லையே" என்று அவர் நாட்களைக் கடத்துகிறார். கால் போயின், வள்ளத்தில் எவ்வாறு நிற்பார்? குடும்பம் எவ்வாறு வாழும்?

இதைத் தடுக்கப் பெரும் பணம் வேண்டியதில்லை. சீனியை மருந்தாலும் உணவாலும் அடக்குவதோடு, மாலைதோறும் பாதங்களைக் கழுவி, விரலிடுக்கில் ஈரம் போகத் துடைத்து, உள்ளங்காலை உற்றுப் பார்த்தல் வேண்டும். கரையிலும் வீட்டிலும் செருப்பு அணிக. அணியுமுன் மணலையும் முள்ளையும் உதறுக. கால் ஆணியைப் பிளேடினால் அறுத்தல் ஆகாது. ஓகஸ்ட் மாதத்தில் மடுத் திருப்பதிக்கு நடப்போரும், திருக்கேதீச்சர வீதியை வலம் வருவோரும் சுடுமணலைத் தவிர்த்து, வெயில் ஏறுமுன் செல்வது நலம். கொப்புளமோ கீறலோ காணின், நோகாவிடினும் அன்றே வைத்தியரிடம் காட்டுக.

மாணவ நேயர்களே! உங்கள் பாட்டனார்க்குக் குனிந்து தம் உள்ளங்காலைக் காண இயலாதிருக்கலாம், பார்வையும் மங்கியிருக்கலாம். இன்று மாலை விளக்கை எடுத்துச் சென்று, அவர் பாதத்தை நீங்கள் பாருங்கள்.