இடைநிலைப் பாடசாலையில் பிள்ளையைச் சேர்க்குமுன்

விக்டோரியா நீர்த்தேக்கத்துக்காக 1980களில் பழைய தெல்தெனியா மூழ்கியபோது, பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளும் பாடசாலை மாற நேர்ந்தது. காணிக்கு நட்டஈடு கேட்கலாம். தவறிய வகுப்புக்கு யாரிடம் கேட்பது? எனவேதான் புது இடத்தில் குடியேறும் பெற்றோருக்கு இதை எழுதுகிறோம்.

அரச பாடசாலைகள் எல்லாம் ஒன்றல்ல. 1ஏபி வகையில் உயர்தர விஞ்ஞானப் பிரிவும் உண்டு. 1சி வகையில் உயர்தரத்தில் கலையும் வர்த்தகமும். 2ஆம் வகை 11ஆம் தரத்தோடு நின்றுவிடும். புதுக் கட்டடத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். எத்தனையாம் தரம் வரை உண்டு, தமிழில் கணிதமும் விஞ்ஞானமும் கற்பிக்க ஆசிரியர் இருக்கிறாரா என்று அதிபரிடமே கேளுங்கள். இரண்டாவது கேள்வியே முக்கியம் என்பது எமது எண்ணம்.

பிறப்புச் சான்றிதழ், விடுகைப் பத்திரம், வதிவிடத்துக்குக் கிராம உத்தியோகத்தரின் சான்று ஆகியவற்றைக் கொண்டு செல்லுங்கள். பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் பிரதி பெறலாம். "இடமில்லை" என்றால் வலயக் கல்விப் பணிமனைக்கு எழுத்தில் விண்ணப்பித்து, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு கோப்பில் ஏறாது.

அரச பாடசாலைக் கல்வி 1945 முதல் இலவசம்; பாடநூல் 1980 முதல், சீருடைத் துணி 1993 முதல். உண்மையான செலவு பஸ்ஸில்தான். மாணவர் பருவச்சீட்டை மறவாதீர்கள். 2016 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். அறுவடைக்கென்று பெண்பிள்ளையை மறிப்பதற்கும் அது பொருந்தும்.