புகையும் நாதமும்: டூ ஸ்ட்ரோக் எஞ்சினும் அதைத் தட்டிப் பார்த்த கைகளும்

மலர் என்றால் கோயில் வரலாறு, சங்க இலக்கியம், திருக்குறள் ஆய்வு என்று கட்டுரைகள் வருவதுதான் வழக்கம். அவை வரட்டும், வர வேண்டும். ஆனால் ஏலூர் தொழிற்சாலை ஊர். 1943-இல் சேஷசாயி பிரதர்ஸ் நிறுவனத்தார் முயற்சியில் உருவான ஃபாக்ட் ஆலை, 1947-இல் உற்பத்தியைத் தொடங்கியபோது, விறகை வாயுவாக்கித்தான் உரம் செய்தது. கையில் இருப்பதை வைத்து வேலையை முடிப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. ஆகவே, இம்முறை பட்டறைப் பக்கமாக ஒரு கட்டுரை எழுதலாம் என்று துணிந்தேன்.

பொருள், டூ ஸ்ட்ரோக் எஞ்சின். தமிழில் இருவீச்சு எஞ்சின் என்று சொல்லலாம். டிவிஎஸ் 50, ராஜ்தூத், எஸ்டி, பழைய பஜாஜ் ஸ்கூட்டர், யமஹா ஆர்.எக்ஸ். 100 என்று நம் குடும்பங்களில் ஏதாவது ஒன்று இருந்திருக்கும். நீலப் புகை, ‘டங் டங்’ என்ற அந்த நாதம், பெட்ரோலோடு கலந்த ஆயில் வாசனை ஆகியவை நாற்பது வயது தாண்டிய யாருக்கும் மறக்காது. இந்த எஞ்சினை வாங்கி ஓட்டியவர்கள் கோடிப்பேர். ஆனால் வாங்கியதோடு நிற்காமல், பிரித்து, அறுத்து, அரம் போட்டு, புதிதாக ஒன்றைச் செய்து பார்த்தவர்களும் உண்டு. அவர்களைப் பற்றியதே இக்கட்டுரை.

அது எப்படி வேலை செய்கிறது?

நான்கு வீச்சு எஞ்சினில் உறிஞ்சுதல், அமுக்குதல், வெடித்தல், வெளியேற்றல் என்ற நான்கு வேலைகளுக்குப் பிஸ்டன் இரண்டு முறை ஏறி இறங்க வேண்டும். அதாவது, கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒரு வெடிப்பு. டூ ஸ்ட்ரோக்கில் ஒரு சுற்றுக்கு ஒரு வெடிப்பு. நிமிடத்திற்கு 6000 சுற்று என்றால் நொடிக்கு 100 வெடிப்பு; நான்கு வீச்சில் இது 50தான். சின்ன எஞ்சின் பெரிய வேலை செய்வதன் ரகசியம் இதுவே.

1878-இல் ஸ்காட்லாந்துக்காரரான டூகால்ட் கிளார்க் இந்த முறையைச் செய்து காட்டினார். அவருடைய எஞ்சினில் காற்றும் எரிபொருளும் கலந்த கலவையைத் தள்ளுவதற்குத் தனியாக ஒரு பம்ப் சிலிண்டர் இருந்தது. 1891-இல் இங்கிலாந்தின் ஜோசப் டே, ‘தனிப் பம்ப் எதற்கு? பிஸ்டனுக்குக் கீழே இருக்கும் கிராங்க் கேஸே பம்ப்பாக இருக்கட்டும்’ என்று அதைச் சுருக்கினார். அவரிடம் வேலை பார்த்த பிரெடெரிக் காக், உள்ளே வரும் வழியையும் பிஸ்டனே மூடித் திறக்கும்படி செய்தார். வால்வு போச்சு, கேம் போச்சு, ராக்கர் போச்சு! பிஸ்டன், கனெக்டிங் ராட், கிராங்க் என அசையும் உறுப்புகள் மூன்றே. சிலிண்டர் சுவரில் சில ஓட்டைகள். அவற்றுக்குப் போர்ட் என்று பெயர்.

பிஸ்டன் மேலே ஏறும்போது மேல்பக்கம் கலவை அமுக்கப்படுகிறது. அதே நேரத்தில் கீழே கிராங்க் கேஸுக்குள் புதிய கலவை உறிஞ்சப்படுகிறது. வெடித்துப் பிஸ்டன் இறங்கும்போது முதலில் எக்ஸாஸ்ட் போர்ட் திறந்து புகை வெளியேறுகிறது. அடுத்து டிரான்ஸ்பர் போர்ட் திறந்து, கீழே அமுங்கியிருந்த புதிய கலவை மேலே பாய்கிறது. வந்தவர் உள்ளே நுழைய, இருந்தவர் வெளியேற, இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறந்திருக்கின்றன. இதுதான் இந்த எஞ்சினின் பலம், பலவீனம் இரண்டும். புதிதாக வந்த கலவையில் ஒரு பகுதி எரியாமலேயே புகையோடு வெளியே ஓடிவிடும். சில நிலைகளில் மூன்றில் ஒரு பங்கு வரைகூட. எனக்குத் தெரிந்த பொள்ளாச்சிக்கார மெக்கானிக் ஒருவர் சொல்வார்: “பெட்ரோல் உள்ள வர்றது பெரிசில்ல சார். வந்தது வெளிய ஓடாம நிறுத்தணும். அதுலதான் வித்தையே இருக்கு.” புத்தகங்கள் நூறு பக்கத்தில் சொல்வதை அவர் இரண்டு வரியில் சொல்லிவிட்டார்.

சைலன்ஸருக்குள் ஓர் எதிரொலி

ஓடுகிற கலவையை நிறுத்துவது எப்படி? கதவு போட இடமில்லை. இங்கேதான் கிழக்கு ஜெர்மனியின் வால்டர் காடன் வருகிறார். எம்.இசட். நிறுவனத்தின் பந்தயப் பிரிவில் 1950-களில் பணியாற்றிய இவர், எக்ஸாஸ்ட் குழாயின் வடிவத்தையே கதவாக்கிவிட்டார்.

கிணற்றுக்குள் குரல் கொடுத்தால் திரும்பி வருகிறதல்லவா? அதுபோல எக்ஸாஸ்ட் போர்ட் திறந்ததும் புகையோடு ஓர் அழுத்த அலை குழாய்க்குள் ஓடுகிறது. குழாய் படிப்படியாக அகலமாகும் இடத்தில் உறிஞ்சும் அலையாகத் திரும்பி வந்து, சிலிண்டரில் மிச்சமுள்ள புகையை இழுக்கிறது. குழாய் மறுபடி குறுகும் இடத்தில் அழுத்தும் அலையாகத் திரும்பி, வெளியே எட்டிப் பார்க்கும் புதிய கலவையை உள்ளேயே தள்ளிவிடுகிறது. அந்த நொடியில் பிஸ்டன் போர்ட்டை மூடிவிட்டால் வேலை முடிந்தது. நடுவில் வயிறு பருத்த அந்தக் குழாய்க்கு எக்ஸ்பான்ஷன் சேம்பர் என்று பெயர்.

நம் பிள்ளைகள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நிமிடத்திற்கு 9000 சுற்று என்றால் நொடிக்கு 150. ஒரு சுற்றுக்கு 6.67 மில்லி செகண்ட். எக்ஸாஸ்ட் போர்ட் அரைச் சுற்று நேரம் திறந்திருக்கிறது என்று கொண்டால் 3.33 மில்லி செகண்ட். சூடான புகையில் அலை நொடிக்கு ஏறக்குறைய 500 மீட்டர் ஓடும். அப்படியானால் 1.67 மீட்டர், போக வர என்பதால் பாதி, சுமார் 83 செ.மீ. அதே கணக்கை 6000 சுற்றுக்குப் போட்டால் 1.25 மீட்டர் வரும். போர்ட் மூடுவதற்குச் சற்று முன்பே அலை வந்தாக வேண்டும் என்பதால் செய்யும்போது கொஞ்சம் குறைப்பார்கள். வேகம் கூட வேண்டுமென்றால் குழாய் குட்டையாக வேண்டும் என்பது புரிகிறதல்லவா?

1961-இல் காடனின் 125 சிசி எஞ்சின் 25 குதிரைத்திறன் கொடுத்தது. லிட்டருக்கு 200 குதிரைத்திறன். காற்றைத் திணிக்கும் கருவி எதுவும் இல்லாமல் அதுவரை யாரும் எட்டாத அளவு. அதே ஆண்டு அவருடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் சுவீடன் பந்தயத்தின்போது தப்பி, அந்த அறிவோடு ஜப்பானின் சுசுகியில் சேர்ந்தார். 1962-இல் சுசுகியில் ஓடி 50 சிசி உலகப் பட்டம் வென்றார். பிற்பாடு நம் தெருக்களில் ஓடிய ஜப்பானிய வண்டிகளுக்கும் இந்த வரலாற்றில் ஒரு பங்கு உண்டு.

நம்மூர் கைவேலை

1985-இல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவுடன் சேர்ந்து ஆர்.எக்ஸ். 100-ஐக் கொண்டுவந்தது. சிலிண்டர் விட்டம் 50 மி.மீ., வீச்சு 50 மி.மீ.; கொள்ளளவு 98 சிசி; திறன் 11 குதிரைத்திறன். 1996-இல் உற்பத்தி நின்றது. பதினோரு ஆண்டுதான் வந்தது என்றாலும், தென்னிந்தியப் பட்டறைகளில் அது ஒரு பாடப்புத்தகம் ஆகிவிட்டது. சோழவரம் விமானத் தளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களும், 1990-இல் திறந்த இருங்காட்டுக்கோட்டைத் தடமும் இந்தப் பைத்தியத்தை வளர்த்தன. டிராக் பந்தயங்களில் டூ ஸ்ட்ரோக்குக்கெனத் தனிப் பிரிவுகளும் நடத்தப்பட்டிருக்கின்றன.

திருத்துபவர்கள் செய்வது மூன்று வேலை. ஒன்று, போர்ட்டை அரம் போட்டு உயர்த்துவது. ஒரு மி.மீ. உயர்த்தினாலே வண்டியின் குணம் மாறும். மேல் வேகம் கூடும், ஆனால் கீழே இழுவை செத்துவிடும். அதிகம் அகலப்படுத்தினால் பிஸ்டன் ரிங் அந்த ஓட்டையில் மாட்டி உடையும்; ஓரத்தைச் சீவி மழுக்காவிட்டாலும் அதே கதி. இரண்டு, லேத்தில் ஹெட்டைச் சீவி அழுத்தத்தைக் கூட்டுவது. மிகுந்தால் பிஸ்டன் தலை உருகி ஓட்டை விழும். மூன்று, தகரத்தைக் கூம்பு கூம்பாக வெட்டி, வெல்டிங் வைத்து, மேலே சொன்ன குழாயைச் செய்வது. கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் இதையெல்லாம் நூலும் காகிதமும் வைத்தே அளந்தார்கள். காகிதத்தைச் சுருட்டிச் சிலிண்டருக்குள் விட்டு, போர்ட் ஓரத்தில் பென்சிலால் தேய்த்தால் அதன் முழு வரைபடமும் கையில் வந்துவிடும். பணம் கொடுத்து வாங்க வேண்டிய கருவி எதுவுமில்லை.

இன்னொரு பட்டறைச் சடங்கு, கரி அடைத்த சைலன்ஸரைக் காஸ்டிக் சோடாவில் ஊறப்போடுவது அல்லது நெருப்பில் சுடுவது. காஸ்டிக் சோடா செய்யும் டி.சி.சி. ஆலை இருக்கும் ஊரில் இதை நான் விளக்க வேண்டியதில்லை. கண்ணையும் கையையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்வேன்.

பந்தயம் ஒரு பக்கம், பிழைப்பு இன்னொரு பக்கம். சென்னைக்காரர்களுக்கு மீன்பாடி வண்டி தெரியும். மூன்று சக்கர மிதிவண்டியில் கழித்துப் போட்ட டூ ஸ்ட்ரோக் எஞ்சினைப் பொருத்தி, சங்கிலி போட்டு, மீனும் ஐஸும் கம்பியும் ஏற்றி ஓடிய வண்டி. எந்தக் கம்பெனியும் அதைத் தயாரிக்கவில்லை, பட்டறைதான் தயாரித்தது. கேரளக் கடற்கரையிலோ, வள்ளத்தின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு எஞ்சின். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் அதிக அழுத்தம் தாங்காது, முன்கூட்டியே வெடித்துத் தட்டும். ஆகவே அந்த எஞ்சினில் அழுத்தம் குறைவாக இருக்க வேண்டும். பந்தயக்காரன் ஹெட்டைச் சீவுகிறான். கடல்காரனுக்கு அதற்கு நேர்மாறு தேவை. தத்துவம் ஒன்றுதான்.

பொழுதுபோக்குக்காரர்களும் இருந்தார்கள். கல்கத்தாவில் தயாரான ‘அரோரா’ என்ற குட்டி விமான எஞ்சினில் பிளக்கே கிடையாது. ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றையும் கலந்து ஊற்றி, மேலே உள்ள திருகால் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே விசிறியை விரலால் சுழற்றினால் தானே பற்றிக்கொள்ளும். வெளிநாட்டிலும் இந்தப் பைத்தியத்துக்குக் குறைவில்லை. இங்கிலாந்தில் ஆலன் மில்யார்ட் என்பவர் தன் வீட்டுக் கொட்டகையில், கவாசாகியின் மூன்று சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களை ஹேக்ஸா பிளேடால் அறுத்து ஒட்டி, நாலு சிலிண்டர், ஐந்து சிலிண்டர் என்று செய்து ஓட்டுகிறார். அறுத்த இடம் தெரியாது என்கிறார்கள்.

கோவையின் ஜி.டி. நாயுடுவை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளை முந்நூறு ரூபாய்க்கு வாங்கி, ஓட்டுவதற்கு முன் பிரித்துப் போட்டுப் பார்த்தவர் அவர். அது டூ ஸ்ட்ரோக் அல்ல. ஆனால் அந்தப் புத்தி இதே புத்திதான்.

இனி என்ன?

புகையை மறைத்துப் பேசுவது நேர்மையல்ல. எரியாத எரிபொருளும் ஆயிலும் காற்றில் கலப்பது உடம்புக்குக் கேடு. பெரியாற்றின் நிறத்தையும் காற்றின் வாசனையையும் பற்றி ஏலூர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். மாசு விதிகள் இறுக இறுக, சாலையில் புதிய டூ ஸ்ட்ரோக் வண்டி இல்லாமலேயே போயிற்று. டிவிஎஸ் மொபெட்டே 2015-இல் எக்ஸ்.எல். 100 என்று நான்கு வீச்சுக்கு மாறியது.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் திருத்தச் சட்டப்படி, விதி மீறிய ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். “அப்பா, சைலன்ஸர் மட்டும் மாத்திக்கிறேன்” என்று கேட்கும் பையன்களுக்கு இதை முதலில் சொல்லுங்கள்.

ஆனால் வண்டி போனதோடு வித்தையும் போக வேண்டுமா? இதுதான் என் கவலை. எங்கள் தலைமுறையில் இன்ஜினியரிங் படிக்காத பையனுக்கும் போர்ட் என்றால் என்ன, கார்பரேட்டர் ஜெட் என்றால் என்ன என்று தெரிந்திருந்தது. இன்று முதல் வகுப்பில் தேறிய மெக்கானிக்கல் மாணவர்களில் சிலர், ஸ்பேனர் பிடிக்காமலேயே பட்டம் வாங்குகிறார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி மட்டுமல்ல. வேலைக்கான நேர்முகத் தேர்வில் நான் கண்ணால் பார்த்த உண்மை.

வழி இருக்கிறது. புல் வெட்டும் மெஷினிலும் மரம் அறுக்கும் செயின் சாவிலும் இன்றும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் உண்டு. பழுதாகிக் கழித்த ஒன்று ஆக்ரிக் கடையில் கிடைக்கும். விடுமுறையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து, பழைய செய்தித்தாளை விரித்து, அதைப் பிரியுங்கள். வெர்னியரால் சிலிண்டர் விட்டத்தை அளக்கச் சொல்லுங்கள். சிசி எவ்வளவு என்று கணக்கிடச் சொல்லுங்கள். கோணமானியைக் கிராங்கில் ஒட்டி, எந்தக் கோணத்தில் போர்ட் திறக்கிறது, எந்தக் கோணத்தில் மூடுகிறது என்று எழுதச் சொல்லுங்கள். பெட்ரோல் ஒரு சொட்டும் தேவையில்லை, சட்டமும் குறுக்கே வராது. பெண் பிள்ளைகளையும் உட்கார வையுங்கள். அரத்துக்கு ஆண் பெண் தெரியாது.

நாளை அவர்கள் மின்சார வண்டியே செய்யட்டும். ஒரு பொருளைத் திறந்து பார்க்க அஞ்சாத கை, மோட்டாரையும் பேட்டரியையும் கண்டு அஞ்சாது. ஊர் விட்டு ஊர் வந்து, ஆலையில் உழைத்து, குடும்பம் நடத்திய நம் பெரியவர்கள் கொண்டுவந்த முதல் அந்தக் கைதான். அது நம் பிள்ளைகளுக்கும் போய்ச் சேரட்டும்.