வாயுவா, மாரடைப்பா?

தீபாவளி இரவு. ஈசூனில் எங்கள் வீட்டில் பிரியாணியும் ஆட்டுக்கறியுமாகச் சாப்பிட்டு முடித்த மாமா, "நெஞ்சுல வாயு பிடிச்சிருக்கு" என்று சோபாவில் சாய்ந்தார். அம்மா ஓமம் கொதிக்க வைத்தார். அத்தை முதுகில் தைலம் தேய்த்துவிட்டார். நான் அப்போது மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவன். மாரடைப்பின் அறிகுறிகளைத் தேர்வில் வரிசையாக எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். மாமாவின் சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்ததைப் பார்த்து நான் செய்தது, காற்றாடியை வேகமாகச் சுழலவிட்டது மட்டுமே!

இரண்டு மணி நேரம் கழித்து, அதுவும் டாக்சியில்தான், மருத்துவமனைக்குப் போனோம். மாமா பிழைத்துக்கொண்டார். ஆனால் இதயத் தசையின் ஒரு பகுதி அதற்குள் செத்துவிட்டது. இன்றும் இரண்டு மாடி ஏறினால் அவருக்கு மூச்சு வாங்குகிறது. இப்போது அவசரப் பிரிவில் பணிபுரியும் எனக்கு, "வாயு என்றுதான் நினைத்தோம் டாக்டர்" என்று யாராவது சொல்லும்போது அவர்களைக் கடிந்துகொள்ள வாய் வருவதில்லை.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் உண்டு. இதயத்திலிருந்தும் மேல்வயிற்றிலிருந்தும் வலியைக் கொண்டுசெல்லும் நரம்புகள் தண்டுவடத்தில் அருகருகே வந்து சேர்கின்றன. வலி எங்கிருந்து வருகிறது என்பது மூளைக்கே சரியாகத் தெரிவதில்லை. ஆகவே மாரடைப்பு நெஞ்செரிச்சல் போலத் தோன்றலாம். ஏப்பம் விட்டதும் குறைந்தது போலவும் இருக்கலாம். அதை நம்பிவிடக் கூடாது.

மாரடைப்பு பெரும்பாலும் ஊசி குத்துவது போல வலிப்பதில்லை. நெஞ்சின்மேல் யாரோ ஏறி உட்கார்ந்தது போன்ற பாரம், இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், குமட்டல் ஆகியவற்றையே கவனிக்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்கும் முதியவர்களுக்கும் பெண்களுக்கும் நெஞ்சுவலியே இல்லாமலும் மாரடைப்பு வரும். நீரிழிவு இல்லாத வீடு நம்மிடையே எத்தனை என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

சந்தேகம் வந்தாலே 995. "ஆம்புலன்சுக்குக் காசு கேட்பார்களே" என்று தயங்குவோர் உண்டு. உண்மையான அவசரத்துக்குக் கட்டணம் இல்லை. டாக்சி எவ்வளவு வேகமாகப் போனாலும், வழியில் இதயம் நின்றுவிட்டால் ஓட்டுநரால் என்ன செய்ய முடியும்? ஆம்புலன்சிலோ இதய மின்வரைபடம் எடுக்கும் கருவியும் மின்னதிர்ச்சிக் கருவியும் இருக்கின்றன. அது வரும்வரை நோயாளியை உட்கார வையுங்கள், நடக்கவிடாதீர்கள். ஆஸ்பிரின் கொடுக்கலாமா என்பதைத் தொலைபேசியில் பேசுபவரிடமே கேளுங்கள்.

மாரடைப்பு என்பது இரத்தக் குழாய் அடைபடுவது. இதயமே துடிக்காமல் நின்றுபோவது வேறு. மாரடைப்பால் அதுவும் நேரலாம். ஆள் மயங்கி விழுந்து, தட்டி அழைத்தும் அசையாமல், இயல்பாக மூச்சுவிடாமல் இருந்தால் இதயம் நின்றுவிட்டதாகவே கொள்ளுங்கள். இங்கே பலரும் ஏமாறுகிறார்கள். விட்டுவிட்டுக் குறட்டை போல வரும் திணறலைப் பார்த்து, "மூச்சு இருக்கிறது" என்று காத்திருக்கிறார்கள். அது மூச்சு அன்று! உடனே நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து, ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். பயிற்சி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. 995இல் பேசுபவர் கூடவே இருந்து சொல்லித் தருவார். எதுவும் செய்யாமல் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு வரை குறைகிறது.

வீவக புளோக்குகள் பலவற்றில் கீழ்த்தள மின்தூக்கி அருகே 'ஏஇடி' எனும் மின்னதிர்ச்சிக் கருவியை மாட்டி வைத்திருக்கிறார்கள். திறந்தால் அதுவே என்ன செய்வது என்று பேசும். தேவையில்லாதவருக்கு அது அதிர்ச்சி கொடுக்காது. உங்கள் விடுதியில் அது எந்த மாடியில் இருக்கிறது என்று இன்றே பார்த்து வையுங்கள். ஒருவர் நெஞ்சை அழுத்தட்டும், இன்னொருவர் அதை எடுத்து வரட்டும். மூன்றாமவர் ஒருவர் இருந்தால், கீழே போய் மின்தூக்கியைப் பிடித்து வைத்துக்கொண்டு ஆம்புலன்சுக்காக நிற்கட்டும்.