வியர்க்காத பயணி

பாலக்காட்டு நல்லேப்பிள்ளியில் பங்குனி மாதம் என்றால் இரண்டு சங்கதிகள் சேர்ந்தே வரும். ஒன்று, முழு ஆண்டுப் பரீட்சை முடிந்து லீவு. இன்னொன்று, மண்டையைப் பிளக்கும் வெயில். லீவு விட்டதும் வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூருக்கோ, கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சிக்கோ கிளம்பிவிடுவீர்கள். சில வீடுகளில் அப்பாவுக்குத் திருப்பூரில் வேலை கிடைத்து, பாத்திர பண்டத்தோடு வீடே மாறும். மூட்டை முடிச்சு எல்லாம் கட்டியான பிறகுதான் யாராவது கேட்பார்கள்: "அப்போ நம்ம நாய் மணியை என்ன செய்யறது?"

கூட்டிப் போகலாம், தப்பில்லை. ஆனால் மணிக்கு எங்கே போகிறோம் என்று தெரியாது. எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்றும் தெரியாது. அதைப் பொறுத்தவரை பயணம் என்பது மூன்றே மூன்று: உடம்பில் ஏறும் சூடு, காதுக்குள் நடக்கும் ஆட்டம், மூக்குக்கு வரும் புது வாசனை. இந்த மூன்றையும் நாம் புரிந்துகொண்டால் போதும்.

முதலில் சூடு

உங்கள் புறங்கையைத் தண்ணீரில் நனைத்து, வாயால் ஊதிப் பாருங்கள். ஜில்லென்று இருக்கிறதா? தண்ணீர் ஆவியாகும்போது கையிலுள்ள வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. நமக்கு வியர்ப்பதும் இதற்காகத்தான். உடம்பு முழுக்க வியர்வைச் சுரப்பிகள் இருப்பதால், நம் தோல் முழுவதுமே நம்மைக் குளிர வைக்கிறது.

நாய்க்கு அந்த வசதி இல்லை. அப்படி வியர்க்கும் சுரப்பிகள் அதற்குப் பாதத்தின் அடியில்தான் இருக்கின்றன. அதனால் வாயைத் திறந்து, நாக்கைத் தொங்கவிட்டு வேகவேகமாக மூச்சு வாங்குகிறது. நாக்கிலும் வாயிலும் மூக்கின் உள்பக்கத்திலும் இருக்கும் ஈரம் ஆவியாகி, உடம்புச் சூட்டைக் குறைக்கிறது. சும்மா படுத்திருக்கும் நாய் நிமிடத்துக்குச் சுமார் 15 முதல் 30 முறை மூச்சு விடும். இரைக்கும்போது அதுவே 300ஐத் தாண்டிவிடும். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சுப் பாதை குறுகல். அவற்றுக்கு இரைப்பதே பெரும் பாடு.

இப்போது நிறுத்தி வைத்த காரை நினைத்துப் பாருங்கள். கண்ணாடி வழியாக வெயில் உள்ளே வருகிறது. சீட்டும் டேஷ்போர்டும் அதை உறிஞ்சிச் சூடாகின்றன. அவற்றைத் தொட்ட காற்றும் சூடாகிறது. அந்தக் காற்று வெளியே போக வழியில்லை. 2005இல் அமெரிக்காவில் இதை அளந்து பார்த்தார்கள். மூடிய காருக்குள் ஒரு மணி நேரத்தில் வெப்பம் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் ஏறியது. அதில் முக்கால்வாசிக்கும் மேல் முதல் அரை மணியிலேயே ஏறிவிட்டது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தும் பெரிய வித்தியாசம் இல்லை! கோடையில் பாலக்காட்டில் 40 டிகிரி அடிப்பது நமக்குப் புதிதல்ல. நாயின் உடம்போ 41 டிகிரியைத் தாண்டினாலே ஆபத்து. "டீ குடிச்சிட்டு அஞ்சு நிமிஷத்துல வந்திடறேன்" என்று அதைக் காருக்குள் விட்டுப் போகக் கூடாது என்பதற்கு வேறு காரணம் வேண்டுமா?

வெயில் ஏறும் முன் விடிகாலையிலேயே கிளம்பிவிடுங்கள். வழியில் நாய் தள்ளாடினாலோ, எச்சில் பிசுபிசுவென்று ஒழுகினாலோ உடனே நிழலுக்குக் கொண்டு போங்கள். சாதாரணத் தண்ணீரை உடம்பில் ஊற்றி விசிறுங்கள். அப்படியே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

காதுக்குள் ஓர் ஆட்டம்

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸில் ஏறும்போதே சிலர் கையில் எலுமிச்சம்பழம் இருக்கும். ஏன் குமட்டுகிறது? நம் காதின் உள்ளே மூன்று அரைவட்டக் குழாய்கள், உள்ளே திரவத்தோடு இருக்கின்றன. பஸ் திரும்பினால் திரவமும் அசையும். "நாம் அசைகிறோம்" என்று மூளைக்குச் செய்தி போகும். கண்ணோ எதிர் சீட்டைப் பார்த்து, "இல்லையே, அசையவில்லையே" என்கிறது. இந்தக் குழப்பத்தில்தான் வயிறு புரட்டுகிறது.

நாய்க்கும் பூனைக்கும் இதே குழாய்கள் உண்டு. குட்டிகளுக்குத் தொல்லை இன்னும் அதிகம். வாந்தி வருவதற்கு முன்பே அவை அறிகுறி காட்டும்: அடிக்கடி கொட்டாவி, உதட்டை நக்குதல், எச்சில் வடிதல். வயிறு நிறையச் சோறு போட்ட கையோடு வண்டியில் ஏற்றாதீர்கள். சில மணி நேரம் முன்பே கொஞ்சமாகக் கொடுங்கள். தண்ணீரை மட்டும் நிறுத்த வேண்டாம். ஒரு வாரம் முன்பிருந்தே தெருமுனை வரை, பிறகு சித்தூர் வரை என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள்.

ஆட்டத்தால் வருவது குமட்டல் மட்டுமல்ல. ஸ்கூட்டரின் முன்பக்கம் கால் வைக்கும் இடத்தில் நாயை நிற்க வைத்துப் போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 11 மீட்டர். வண்டி சட்டென்று நின்றாலும் நாய் நிற்காது. அதே வேகத்தில் முன்னே பறக்கும். நிலைமம் என்று பாடத்தில் படித்தது இதுதான். காரிலும் நாயை மார்ப்பட்டை போட்டு சீட் பெல்ட்டோடு இணைக்க வேண்டும். பூனைக்குக் காற்றோட்டமுள்ள, நன்றாக மூடும் கூடை.

மூக்குக்குத் தெரிந்த வீடு

பூனை உங்கள் காலிலும் கட்டில் காலிலும் கன்னத்தைத் தேய்க்கிறதே, அது வெறும் கொஞ்சல் இல்லை. கன்னத்திலுள்ள சுரப்பிகளால் "இது என் இடம்" என்று வாசனைக் கையெழுத்துப் போடுகிறது. புது வீட்டில் அந்தக் கையெழுத்து எங்குமே இல்லை. பயந்துபோய்ப் பழைய வீட்டைத் தேடி ஓடப் பார்க்கும். அதனால் அது படுத்துத் தூங்கிய துணியைத் துவைக்காமல் கூடையில் போடுங்கள். போன இடத்தில் முதல் சில நாட்கள் ஒரே அறையில் வைத்திருங்கள். அந்த அறையில் தன் வாசனையைப் பதித்த பிறகு மற்ற அறைகளைத் திறந்து விடலாம்.

தொட்டி மீனுக்கு வேறு கணக்கு. 20 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 30 டிகிரியில் அது ஏழரை மில்லிகிராமாகக் குறைந்துவிடும். எனவே பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி காற்று விட்டு, வெயில் படாமல் கொண்டு போங்கள். பச்சைக்கிளி? அதைக் கூண்டில் வளர்ப்பதே 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

போரிலிருந்து தப்பி வந்த சைரா

2022 பிப்ரவரியில் உக்ரைனில் போர் மூண்டது. அங்கே மருத்துவம் படித்துக்கொண்டிருந்த, நம் இடுக்கி மாவட்டத்து மாணவி ஒருவர், ஐந்து மாத நாய்க்குட்டியான சைராவை விட்டுவிட்டு வர மறுத்துவிட்டார். ருமேனியா எல்லையை நோக்கிச் சுமார் 12 கிலோமீட்டர் நடை. குட்டியால் நடக்க முடியாதபோது தூக்கிச் சுமந்தார். அப்படித் தவித்தவர்களுக்காக மத்திய அரசும், பிராணிகளை நாட்டுக்குள் கொண்டுவரும் விதிகளை ஒருமுறை மட்டும் தளர்த்தியது. சைரா கேரளம் வந்து சேர்ந்தது.

சைரா, சைபீரியன் ஹஸ்கி இனம். பனிக்காக இரண்டடுக்கு ரோமம். கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறையும். இடுக்கியிலுள்ள மூணாறு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே அந்த ரோமத்தோடு ஒருவாறு சமாளிக்கலாம். அதே ரோமத்தோடு நம் ஊர்ச் சித்திரை வெயிலில்? புது ஊருக்குப் போகும்போது அங்குள்ள தட்பவெப்பம் நம் பிராணிக்குத் தாங்குமா என்பதையும் பார்க்க வேண்டும்.

விதிகளை ஏன் தளர்த்த வேண்டியிருந்தது? எல்லை தாண்டும் பிராணியோடு நோயும் தாண்டக்கூடும். முக்கியமானது வெறிநாய்க்கடி நோய். தடுப்பூசி போட்ட அன்றே பாதுகாப்பு வந்துவிடாது. உடம்பு எதிர்ப்புப் பொருளைத் தயாரிக்க நாளாகும். அதனால்தான் பல நாடுகள் ஊசி போட்டு 21 நாளாவது ஆகியிருக்க வேண்டும் என்கின்றன. கிளம்பும் முதல் நாள் மாட்டாஸ்பத்திரிக்கு ஓடிப் பயனில்லை. ஒரு மாதம் முன்பே போங்கள். உடல்நலச் சான்றிதழும் வாங்கிக்கொள்ளுங்கள். 1978ஆம் ஆண்டின் விலங்குப் போக்குவரத்து விதிகள் அதைக் கேட்கின்றன. ரயிலில் என்றால், ஏசி முதல் வகுப்பில் ஓர் அறையை முழுதாக முன்பதிவு செய்தால்தான் நாயை உடன் வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் அது கார்டு பெட்டியிலுள்ள கூண்டில்தான் போக வேண்டும்.

லீவுக்கு ஒரு வேலை

உங்கள் நாயோ பூனையோ தூங்கும்போது அதன் விலாவைக் கவனியுங்கள். ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. 15 நொடிக்கு எண்ணி, நான்கால் பெருக்குங்கள். காலை, மதியம், இரவு என்று ஒரு வாரம் நோட்டில் குறித்து வையுங்கள். அதுதான் உங்கள் செல்லத்தின் இயல்பான மூச்சு. பயணத்தில் வண்டியை நிழலில் நிறுத்தி, அது இளைப்பாறிய பிறகு மறுபடி எண்ணுங்கள். எண்ணிக்கை இறங்காமல் அடம்பிடித்தால் அப்பாவிடம், "இப்போ கிளம்ப வேண்டாம்" என்று சொல்லுங்கள். நோட்டைக் காட்டினால் அவரும் மறுபேச்சுப் பேச முடியாது!