சிவராத்திரி விழிப்பும் கோப்பியும்

மாசி மாதத்துச் சிவராத்திரியன்று மாதோட்டத்துத் திருக்கேதீச்சரத்திலே, பாலாவித் தீர்த்தத்தில் நீர் முகந்து மகாலிங்கப் பெருமானுக்குத் தம் கையாலேயே அபிடேகஞ் செய்து, நான்கு யாமமுங் கண்விழித்திருக்கும் அடியார் கூட்டம் பெரிது. அவருள் அன்னத்தைத் தவிர்ப்பார் பலர். கோப்பியையுந் தேநீரையுந் தவிர்ப்பார் சிலரே. இரண்டாம் யாமங் கழியுமுன் இமை கனக்கின்றது. ஒரு கோப்பை வெறுந்தேநீர் உட்சென்றதும் சோர்வு பறந்ததுபோலத் தோன்றுகின்றது. உண்மையிற் பறந்துவிட்டதா?

நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் அடினோசின் என்னும் பொருள் மூளையிற் சேர்ந்துகொண்டேயிருக்கும். நரம்புக் கலங்களில் தனக்கென அமைந்த ஏற்பிகளில் அது பொருந்தும்போது நித்திரை வருகின்றது. கோப்பியிலுந் தேயிலையிலுமுள்ள கஃபீன் வடிவில் அதனை ஓரளவு ஒத்தது. பூட்டினுள் நுழைந்தும் திறவாத சாவியைப்போல அவ்விடத்தை அடைத்துக்கொள்ளும். சோர்வு அறிவிக்கப்படுவதில்லையேயன்றி, அது சேர்வது நிற்பதில்லை. 1819இல் ரூங்கே என்னும் ஜெர்மானிய இரசாயன அறிஞர் இப்பொருளைக் கோப்பிக் கொட்டையினின்றும் பிரித்தெடுத்தார்.

(கோப்பிக்கும் மன்னாருக்கும் பழந்தொடர்பு ஒன்றுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தமிழகத்துத் தொழிலாளர் இக்கரையில் இறங்கியே மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்குக் கால்நடையாகச் சென்றனர். வழியில் மாண்டோர் பலர். 1869இற் காணப்பட்ட இலைநோய் கோப்பியை அழிக்க, தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது.)

அருந்திய கஃபீன் ஏறத்தாழ ஒரு மணி நேரத்துள் இரத்தத்தில் உச்சநிலை அடையும். அதிற் பாதி நீங்கச் சுமார் ஐந்து மணி நேரஞ் செல்லும்; கர்ப்பிணிகட்கு இன்னும் நெடுநேரமாகும். வெறுவயிற்றிற் பலமுறை அருந்தினால் நெஞ்சு படபடத்தலும், கை நடுங்கலும், புளித்த ஏப்பமுஞ் சிலர்க்கு உண்டாகும். கோப்பியை நஞ்சென்பாரோடு நாம் உடன்படோம். சுகதேகியான வளர்ந்தவர்க்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வரையிற் கேடில்லை. கர்ப்பிணிகட்கு 200 மில்லிகிராமே எல்லை. ஒரு கோப்பை கோப்பியில் ஏறக்குறைய 90, தேநீரில் 40 மில்லிகிராம் எனக் கொள்ளலாம். கடுப்புக்கேற்ப இது கூடியுங் குறைந்தும் இருக்கும்.

விரதத்தின்பொருட்டு இவற்றை அறவே நிறுத்துவோரையும் இது விடுவதில்லை. நாள்தோறும் அருந்திப் பழகியவர் திடீரென நிறுத்தின், 12 முதல் 24 மணி நேரத்துள் தலையிடி தோன்றும். பித்தமென்று நாமும் பல்லாண்டு அதன்மேற் பழிபோட்டிருந்தோம்! விரதத்துக்கு ஒரு வாரம் முன்பிருந்தே கோப்பை கோப்பையாகக் குறைத்துவரின் இத்தொல்லை பெரும்பாலும் இல்லை. சூட்டுக்கு ஏதேனும் வேண்டுவோர் மல்லியும் வேர்க்கொம்பும் இட்டு அவித்த நீரை அருந்தலாம். மல்லிக் கோப்பி என்பது வழக்காயினும், கோப்பித்தூள் கலவாதவிடத்து அதிற் கஃபீன் இல்லை.

எமக்கு அச்சந் தருவது விடியற்காலமே. நள்ளிரவில் அருந்தியதன் வலி தளர்ந்து, தேங்கிநின்ற நித்திரை ஒருங்கே வந்து அழுத்தும் அந்நேரத்திலேதான் அடியாரை ஏற்றிய வாகனங்கள் பூநகரி வழியே யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்படுகின்றன. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வாகனம், சாரதி நான்கு விநாடி கண்ணயரின், 65 மீற்றருக்கு மேல் தானே ஓடிவிடும். மேலும் ஒரு கோப்பை இதற்கு முழு மருந்தாகாது. சாரதி இரவில் உறங்கியெழுதல் நன்று; அது கூடாதெனின், புறப்படுமுன் ஒரு கோப்பை அருந்தி உடனே இருபது நிமிடம் படுக்கட்டும். கஃபீன் வேலை செய்யத் தொடங்குவதும் அவர் எழுவதும் ஏறக்குறைய ஒரே வேளையாகும்.